டமாரிஸ் உலையின் மூச்சு

கரடியோடைப் பள்ளத்தாக்கில் இருந்த டமாரிஸ் இரும்பு உலை, 1771 மே மாதம் பற்றவைத்த நாளிலிருந்து 1777 ஏப்ரலில் அணைந்த நாள்வரை, ஒரு பெண்ணோடு சேர்ந்து மூச்சுவிட்டது. அவள் மூச்சு சீராக இருந்தால் இரும்பு நன்றாக வரும். அவள் மூச்சு நின்றால் உலைக்குள் தீ மங்கும். அந்தப் பக்கத்தில் யாரும் இதைச் சந்தேகப்பட்டதில்லை. மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள், அதிலும் உலை மேஸ்திரி கான்ராட் ஷெங்க் எல்லோருக்கும் சேர்த்துச் சந்தேகப்பட்டான்.

கான்ராட் ஜெர்மனியில் இரண்டு உலைகளில் வேலை பார்த்துவிட்டுக் கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்கு வந்தவன். வழிந்து வரும் கசடின் நிறத்தைப் பார்த்தே இரும்பு எப்படி வரும் என்று சொல்லிவிடுவான், அது தப்பியதில்லை. மேலாகப் பார்த்து எதையும் நம்பாத குணம் அந்தத் தொழில் கொடுத்தது. கரி வண்டி வந்தால் ஒவ்வொரு கூடையிலும் முழங்கைவரை கையை விட்டு அடியில் மண் இருக்கிறதா என்று துழாவுவான். தாது வெட்டுகிறவர்கள் வெறுங்கல்லைக் கலக்கிறார்கள் என்பான். ஜெபத்தின்போது ஊரே கண்ணை மூடியிருக்க, அவன் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு யார் என்ன செய்கிறார்கள் என்று நோட்டம் விடுவான். இதெல்லாம் உலைக்கு நல்லதுதான். வீட்டுக்கும் அதே குணத்தைக் கொண்டுபோனதுதான் கஷ்டம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பிடி வார்ப்பு மணலை வாசற்படியில் தூவிவிட்டுப் போவான். இரும்பை வார்க்கும் அந்த மணல் மாவைப்போல நைசானது, அதில் எலி நடந்தாலும் தடம் பதியும். சாயங்காலம் வந்து குனிந்து படிப்பான். அவன் மனைவி ஒட்டிலியா அந்த மணலை ஒருநாளும் தாண்டவில்லை, கூட்டவும் இல்லை. வேண்டுமென்றே நன்றாக மிதித்துக்கொண்டு போவாள்.

உலை முதலாளி ஏபெல் ராலிங்ஸ், மற்ற முதலாளிகளைப் போலவே தன் உலைக்கு மனைவி பேரை வைத்தார். பேருக்கு உரியவள் முதல் தணலை மூன்று முறை ஊதிக் கொடுக்க வேண்டும், அதை மேஸ்திரி உலைக்குள் தள்ள வேண்டும் என்பது வழக்கம். டமாரிஸ் அம்மாள் பிலடெல்பியாவிலிருந்து வந்தவர், கரிப்புகை பழக்கமில்லாதவர். தணல் இருந்த மண்வாரியைக் கையில் வாங்கியதுமே இருமல் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒட்டிலியாவிடம் மண்வாரியைக் கொடுத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். அதே சமயம் ராலிங்ஸ் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அவருடைய ஜெபங்கள் சீக்கிரம் முடிகிறவை அல்ல. ஆபிரகாமில் தொடங்கி அவர் மோசேக்கு வருவதற்குள் தணலின் மேல் சாம்பல் பூத்துவிட்டது. இருநூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். திறந்திருந்த கண்கள் கான்ராடுடையவை மட்டும்தான். அவன் அவற்றைக் கரிக்காரன் எனோக் மேல் வைத்திருந்தான், எனோக் யாரைப் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்வதற்காக. எனோக் கண்ணை மூடிக்கொண்டு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். ஆமென் சொல்லி எல்லோரும் கண்ணைத் திறந்தபோது டமாரிஸ் அம்மாள் கையில் மண்வாரி இருந்தது, தணல் கனகனவென்று இருந்தது.

இரண்டாவது குளிர்காலத்தில், ஜனவரி மாதம், ஓடை அடிமட்டம்வரை உறைந்தது. நீர்ச்சக்கரம் நின்றது, அது இயக்கிய துருத்திகள் மடிந்து கிடந்தன. காற்று இல்லாமல் ஒரு நாள் நின்றாலே உள்ளே இருக்கும் இரும்பு கட்டியாகி உலை நாசமாகும். ஆனால் டமாரிஸ் உலை நான்கு நாள் துருத்தி இல்லாமலே எரிந்தது. வேளாவேளைக்கு இரும்பும் வந்தது. ஊரே மண்டியிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னது. கான்ராட் உலையைச் சுற்றிச் சுற்றி வந்து, யாராவது ஒளிந்திருந்து ஊதுகிறார்களா என்று தேடினான்.

அதே வருடம் ஜூலையில் நேர் எதிராக நடந்தது. சக்கரம் ஓடுகிறது, துருத்திகள் வேலை செய்கின்றன, ஆனாலும் பட்டப்பகலில் கர்த்தர் ஜெபத்தை இரண்டு தடவை சொல்லி முடிக்கும் நேரத்துக்கு உள்ளே தீ செத்துக் கிடந்தது. அப்புறம் தானாக எழும்பியது. விசாரித்ததில், அந்த நேரத்தில்தான் முதலாளியின் பெரிய வீட்டு விருந்தில் டமாரிஸ் அம்மாளுக்குப் பிளம்பழக் கொட்டை தொண்டையில் சிக்கி, முகம் நீலம் பாரித்து, சமையல்காரி முதுகில் குத்திக் காப்பாற்றினாள் என்று தெரிந்தது. ராலிங்ஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கியதால் ஊருக்கும் விளங்கியது. ஒட்டிலியா அன்றைக்குப் பெரிய வீட்டு மேசை விரிப்புகளை ஓடையில் அலசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும்போது தலையோடு நனைந்திருந்தாள். ஓடையில் வழுக்கி விழுந்துவிட்டதாகவும், பாவாடை பாறையில் மாட்டிக்கொண்டதால் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை என்றும் சொன்னாள். கான்ராட் தொப்பியை எடுத்துக்கொண்டு, பள்ளத்தாக்கில் வேறு யார் நனைந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனான். எனோக் நனைந்திருந்தான். குதிரைகளைக் குளிப்பாட்டினேன் என்றான். அந்த இரண்டு ஈரத்தையும் கான்ராட் ஒன்றாக முடிச்சுப் போட்டான். முடிச்சு பிறகு நான்கு வருடம் அவிழவில்லை.

டமாரிஸ் அம்மாளின் காலம் அன்றிலிருந்து கெட்டது. மூச்சு வாங்கும் என்று மாடிப்படி ஏறக்கூடாது, பாடக்கூடாது, குதிரையேறக்கூடாது என்றார் ராலிங்ஸ். துக்கச் செய்தி இருக்கலாம் என்று கடிதங்களை அவரே முதலில் படித்தார். கொஞ்ச நாளில் உலையைப் பார்த்த மாதிரி இருந்த கீழறையில் அம்மாளை வைத்து, நல்லதுக்குத்தான் என்று சொல்லி, வெளியே பூட்டுப் போட்டார். இரும்பு வெளுத்து உடையும்படி வந்த நாட்களில் தொழிலாளிகள் அந்த ஜன்னலை முறைத்துக்கொண்டு போனார்கள். "அந்த அம்மா ராத்திரி தூங்கியிருக்காது. நம்ம கூலியிலதான் கை வைக்குது" என்று முணுமுணுத்தார்கள். உண்மையில் அம்மாள் தூங்காத நாட்களில் இரும்பு கெட்டுத்தான் வந்தது. துணி வெளுக்கப் போகும் ஒட்டிலியா அந்த இரவுகளில் துணைக்கு உட்கார்ந்திருந்தாள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காலையும் மாலையும் கான்ராட் பெரிய வீட்டுக்குப் போய், தீ எப்படி இருந்தது என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். அவன் சொல்வதைப் பொறுத்து அம்மாளுக்கு ஜன்னல் திறப்பதும் மூடுவதும் நடந்தது. அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான், நல்ல வேலைக்காரன்.

வீட்டில் அவனுக்கு வேறு கவலை. நாளுக்கு இரண்டு முறை, இரும்பு இறக்கும் நேரம் என்று கொம்பு ஊதுவார்கள். களிமண் அடைப்பை உடைப்பதற்காகத் துருத்தியைக் கொஞ்சம் நிறுத்துவார்கள். கொம்புச் சத்தம் கேட்டால் ஒட்டிலியா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இதைக் கண்ணால் பார்த்தான். கொம்பு எவனுக்கோ அடையாளம் என்று தோன்றியது. வாசல் மணலில் அவள் தடங்கள் உலைப்பக்கம் போய்த் திரும்புவதையும் படித்திருந்தான். உலைக்குப் பக்கத்தில்தான் கரிக்கொட்டகை இருக்கிறது.

"கொம்பு ஊதுனா ஏன் நிக்கிற?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான்.

"மூச்சு வாங்குதுங்க."

"கொம்புக்கும் உன் மூச்சுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் முட்டைக்கோசு நறுக்கப் போனாள். திமிர் என்று அவன் எடுத்துக்கொண்டான். அடுத்த நாள் எனோக்கின் வண்டியில் காலிக் கூடைகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தான். எனோக் பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே, "என்ன மேஸ்திரி, வர்ற கூடையில மண்ணத் தேடுறீரு சரி, போற கூடையில எதத் தேடுறீரு?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

இதற்கிடையே கடலுக்கு அப்பாலிருந்து ஆண்ட ராஜாவோடு நாட்டுக்குச் சண்டை வந்தது. ராணுவத்துக்குப் பீரங்கிக் குண்டு வார்க்க வேண்டும் என்று ராலிங்ஸ் ஒப்புக்கொண்டார், அறையின் பூட்டை இரட்டிப்பாக்கினார். 1777 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டமாரிஸ் அம்மாள் அந்த அறையில் காய்ச்சலில் இறந்துபோனார். முப்பத்தொரு வயது. கான்ராட் செய்தி கேட்டதும் உலைக்கு ஓடினான். தீ ஒரு கணமும் மங்கவில்லை. அன்று வந்த இரும்பு அந்த வருடத்திலேயே நல்ல இரும்பு. அதைப் பார்த்த தொழிலாளிகள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கான்ராட் வார்ப்புக் கொட்டகை மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். காலையும் மாலையும் நான்கு வருடம் பெரிய வீட்டுக்கு நடந்தது அவன்தான். அன்று சாப்பிடவில்லை.

ராலிங்ஸுக்கு அழ நேரமில்லை. இவள் இல்லையென்றால் வேறு எவளோ இருக்கிறாள், அவள் இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் பள்ளத்தாக்கில் இருந்த இருபத்தேழு பெண்களையும் வார்ப்புக் கொட்டகைக்கு வரச் சொன்னார். ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து, அவர் முப்பது எண்ணும்வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்றுக்குழாய்க்குப் பக்கத்தில் உள்ளே பார்ப்பதற்கு விரலளவு ஓட்டை ஒன்று உண்டு. அதில் கண்ணை வைத்துத் தீயைப் படிக்கத் தெரிந்தவன் கான்ராட் ஒருவன்தான். ராலிங்ஸ் கையில் கடிகாரத்தோடு பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாரத்துக்கு முன்பே டமாரிஸ் அம்மாளின் அறையைக் கழுவிவிட்டு, படுக்கைக்குப் புது வைக்கோல் போட்டிருந்தார்கள். அது யாருக்கு என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

பால்காரக் கிழவி பன்னிரண்டிலேயே இருமிவிட்டாள். "முதலாளி, நானா உங்க உலைய ஊதுறேன்? எங்க அடுப்ப ஊதவே எனக்குத் தெம்பில்ல" என்றாள். கான்ராட் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணுமில்ல, அடுத்த ஆள்" என்றான். தாது வெட்டுகிறவனின் இரண்டு மகள்கள், ஒண்ணுமில்ல. சமையல்காரி, ஒண்ணுமில்ல. பத்தொன்பதாவது ஆளாக ஒட்டிலியா வந்து நின்றாள். மனைவியைத் திரும்பிப் பார்க்கத் தோன்றாமல் கான்ராட் தீயையே பார்த்தான். ராலிங்ஸ் ஐந்து எண்ணியபோது வெள்ளை மஞ்சளாயிற்று. பதினைந்தில் மஞ்சள் சிவப்பாயிற்று. இருபத்தைந்தில், அவன் வாழ்நாளில் எரிகிற உலைக்குள் பார்த்திராத கறுப்பு ஓரத்திலிருந்து ஏறி வந்தது. துருத்திகள் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தன, அதனால் வெளியே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஓடை ஈரம், கொம்பு, உலைப்பக்கம் போன தடங்கள் எல்லாம் ஒன்றாக அவன் கண்முன் வந்தன. நீளமான அந்த ஜெபமும் வந்தது, தன் கண்கள் அப்போது எங்கே இருந்தன என்பதும் வந்தது.

"முப்பது" என்றார் ராலிங்ஸ். "என்ன மேஸ்திரி?"

கான்ராட் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். மற்றவர்கள் சொல்லும் பொய்யைப் பிடித்துத்தான் பழக்கம்.

"ஒண்ணுமில்ல" என்றான். "அடுத்த ஆள்."

இருபத்தேழும் முடிந்தது. ராலிங்ஸ் கடிகாரத்தை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கான்ராடின் முகத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தார். மூன்று நாளில் மலைக்கு அந்தப் பக்கத்து உலையிலிருந்து வேறு மேஸ்திரி வருவான், அவன் கண்ணால் மறுபடி பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தேகம் அவருக்கும் தொற்றிவிட்டிருந்தது.

வீட்டில் ஒட்டிலியா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கான்ராட் வாசலில் மணலை மிதிக்காமல் நின்றான்.

"மொத நாள்லேர்ந்தா?"

"மொத நாள்லேர்ந்து. தணல் அணையப் பாத்துச்சு, ஊதினேன். நீங்க கண்ணத் தொறந்துதான வச்சிருந்தீங்க."

"நான் எனோக்கப் பாத்துட்டிருந்தேன்."

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஓடையில விழுந்தேன்னேன். மூச்சு வாங்குதுன்னேன். எத நம்புனீங்க?" அவள் மாவைத் திருப்பிப் போட்டாள். "அந்த அம்மாகிட்டயும் சொன்னேன். போய் முதலாளிகிட்ட ஒத்துக்கிறேன்னேன். அவரு என்னைத் தொறந்துவிட மாட்டாரு ஒட்டிலியா, உன்னையும் சேத்துப் பூட்டுவாரு, பேசாம இருன்னு சொல்லிட்டாங்க. நானும் பேசாம இருந்துட்டேன். அவங்க செத்துட்டாங்க." அப்போதுதான் அவள் அழுதாள். அவள் அழுத கால் மணி நேரம் உலையில் தீ எகிறி எகிறி எரிந்ததைக் கரி போடுகிறவர்கள் உச்சியிலிருந்து பார்த்தார்கள்.

அவள் போய்விட வேண்டும் என்பதில் இருவருக்கும் பேச்சு வேண்டியிருக்கவில்லை. தான் கூடப் போக முடியாது என்பதையும் கான்ராட் கணக்குப் போட்டுவிட்டான். அவள் தூரம் போகப் போக உலை அணையும். இரும்பு உள்ளேயே உறைந்தால் அது அவள் நெஞ்சில் கிடந்து அழுத்தும் என்று பயந்தான். அவள் மலையைத் தாண்டுவதற்குள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட வேண்டும், அதற்கு அவன் கை வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

"எங்க போறேன்னு எங்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா நான் தேடி வந்துருவேன். வந்தா அங்கயும் வாசல்ல மணல் தூவுவேன்."

"தூவுவீங்க" என்றாள் ஒட்டிலியா. அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கரித்தூளைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் எனோக் கரியை இறக்கியதும் கான்ராட் அவனிடம் போய், கேட்க வேண்டியதைக் கேட்டான். எனோக் பைப்பை வாயிலிருந்து எடுத்தான். "நாலு வருஷமா என் வண்டியில உம்ம பொண்டாட்டி இருக்காளான்னு கூடை கூடையாக் கவுத்தீரு மேஸ்திரி. இன்னிக்கு நீரே ஏத்திவிடுறீரு."

"இன்னிக்குக் கவுக்க மாட்டேன்."

"அது போதும்" என்றான் எனோக், குதிரைகளைத் திருப்பினான்.

ஒட்டிலியா யார் கண்ணிலும் படாமல் வண்டிக்குப் போக வார்ப்புக் கொட்டகை வழிதான் உண்டு. அன்றைக்கு இரும்பு இறக்குவதற்காகச் சமன் செய்திருந்த மணலில் நடந்து போனாள். கூடைகளுக்கு நடுவே படுத்தாள், மேலே சாக்கு போட்டார்கள், வண்டி கிளம்பியது. கான்ராட் அவள் தடங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தவன், கடைசித் தடத்தை மட்டும் அழிக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு சதுரமாக மணலை அணைகட்டினான். பிறகு கொம்பை ஊதச் சொன்னான். வேளை இல்லாத வேளையில் கொம்பா என்று கேட்டவர்களை உலை மேஸ்திரியின் குரலில் அதட்டினான். வண்டி முதல் மேட்டில் ஏறும்போது தீ மஞ்சளாகியிருந்தது. இரண்டாம் மேட்டில் சிவப்பு. அவன் அடைப்பை உடைத்து, கம்பியை விட்டுக் கிளறிக் கிளறி, மணலில் வெட்டிய ஓடுகால்களில் கொள்ளும் மட்டும் இரும்பை ஓடவிட்டான். கடைசியாக வந்த இரும்பைப் பெரிய வார்ப்புக் கரண்டி நிறையப் பிடித்து அந்தச் சதுரத்தில் ஊற்றினான். சூரியன் சாயும்போது டமாரிஸ் உலை மூச்சை விட்டது. உள்ளே சாம்பலைத் தவிர எதுவும் இல்லை.

ராணுவக் குண்டுகள் பாக்கியிருந்த சமயத்தில் உலையை வேண்டுமென்றே கொன்றான் என்று கான்ராடைப் பிடித்துப் போனார்கள். ஒன்றரை வருடம் ஜெயிலில் இருந்தான். ராலிங்ஸ் மூன்று முறை உலையைப் பற்றவைக்கப் பார்த்தார். தணல் உள்ளே விழுந்ததும் அணைந்தது. மூன்றாம் முறைக்குப் பின் பிலடெல்பியாவுக்கே போய்விட்டார், அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்வி. கான்ராட் திரும்பி வந்தபோது எனோக் ஒரு தகட்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு முழச் சதுர இரும்புத் தகடு, நடுவில் ஒரு பெண்ணின் பாதம் புடைத்திருந்தது. "உம்ம சாமான். என் குடிசையில வச்சிருந்தேன். குளிருக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு" என்றான் எனோக். சஸ்குவெஹன்னா ஆற்றுப் படகுத்துறைவரை அவளைக் கொண்டுபோய் விட்டதாகச் சொன்னான். எந்தப் படகில் ஏறினாள் என்று கான்ராட் கேட்கவில்லை. தகட்டை வாங்கிக்கொண்டான். அது கதகதப்பாக இருந்தது.

அதைக் கணப்பில் நிறுத்திவைத்தான். அதற்குப் பின் முப்பது குளிர்காலம் அவன் வீட்டில் விறகு எரியவில்லை. தகடே வீட்டைச் சூடாக வைத்தது, அதை ஒட்டி வைத்தால் காப்பியும் ஆறாது. புகைபோக்கியில் புகை வராததைப் பார்த்த ஊர், அவன் எங்கோ விறகு திருடி யாருக்கும் தெரியாமல் எரிக்கிறான் என்று முடிவுகட்டியது. காட்டுக்காரர்கள் மரக்கட்டைகளில் அடையாளம் வெட்டி வைத்துப் பார்த்தார்கள், வீட்டைச் சுற்றி மோப்பம் பிடித்தார்கள். கான்ராட் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் மணல் தூவுவதையும் விட்டிருந்தான். காலையில் எழுந்ததும் தகட்டின் மேல் கையை வைப்பான், சூடு இருக்கிறது என்று தெரிந்ததும் சாப்பிட உட்காருவான். 1784 இலையுதிர் காலத்தில் தகடு கைவைக்க முடியாமல் கொதித்தது. ஒன்பது நாள் அவன் வேலைக்குப் போகவில்லை. ஓடையில் துணியை நனைத்து நனைத்துத் தகட்டின் மேல் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான். பத்தாம் நாள் பழைய சூட்டுக்கு வந்தது. அவன் போய்த் தாடியை மழித்துக்கொண்டு வந்தான்.

1808 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை தகடு சில்லென்று இருந்தது. கான்ராட் கையை எடுக்காமல் நின்றான். அவள் ஓடையில் விழுந்த அன்று போல, இரண்டு ஜெபம் சொல்லும் நேரம் பார்த்தான். மூன்றாவதும் சொன்னான். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, விறகு விற்கும் ஹைனர் வீட்டுக்குப் போய் ஒரு வண்டி விறகு கேட்டான்.

"என்ன பெரியவரே" என்றான் ஹைனர், "இத்தன வருஷம் எங்க காட்டுல எடுத்த விறகு தீந்துபோச்சா?"

"தீந்துபோச்சு" என்றான் கான்ராட்.

ஹைனர் நல்ல ஓக் விறகாகப் பார்த்து ஏற்றிக் கொடுத்தான். கான்ராட் விறகை அடுக்கித் தகட்டுக்குப் பின்னால் தீ மூட்டினான். பனியில் ஈரமான விறகு பிடிக்கவில்லை. குனிந்து ஊதினான். அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வருவதைப் பள்ளத்தாக்கு முப்பது வருடத்துக்குப் பின் பார்த்தது. தகடு சூடேற மத்தியானம் ஆயிற்று.